சோபாவுக்கு மாசம் 2,400 ரூபாய் வாடகை

2023 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, பொண்ணு தூங்கினதுக்கப்புறம் நானும் எங்க வீட்டுக்காரரும் ஹால்ல தரையில உக்காந்து, கல்யாணமாகி முதல் தடவையா மொத்தக் கடனையும் ஒரே பேப்பர்ல எழுதினோம். அதுவரைக்கும் அவரு கார்டு அவருக்கு, என் லோன் எனக்குன்னு ஆளுக்கொரு மூட்டையா சுமந்துக்கிட்டுதான் இருந்தோம், யாருக்கு எவ்வளவுன்னு ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டதே இல்ல, கேட்டா சண்டை வரும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். எழுதி முடிச்சப்ப கிரெடிட் கார்டு பாக்கி 1,84,000, பர்சனல் லோன் 2,60,000, போனுக்கும் சோபாவுக்கும் சேர்த்து மிச்சத் தவணை 22,000, எங்க சித்தப்பாகிட்ட வாங்கின கைமாத்து 40,000. கூட்டிப் பார்த்தா 5,06,000. அவரு பேனாவ கீழ வச்சுட்டு ஒண்ணும் பேசல. நானும் பேசல. மேல ஃபேன் சுத்துற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

ஊதாரித்தனமா செலவு பண்ணினவங்க இல்ல நாங்க. மாமனாருக்குத் திருநெல்வேலியில ஆஸ்பத்திரி செலவு, அது முடிஞ்ச கையோட எங்க வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சு அஞ்சு மாசம் வேலை இல்ல. அந்த அஞ்சு மாசமும் மளிகை, ஸ்கூல் ஃபீஸ், கரன்ட் பில் எல்லாத்தையும் கார்டுதான் தாங்குச்சு. நகையை அடகு வைக்கலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க, அதுதான் சரியான யோசனையும்கூட, கார்டு வட்டியில மூணுல ஒரு பங்குகூட பேங்க் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் வராது. ஆனா எங்க நகை ஏற்கனவே ஊர்ல ஆஸ்பத்திரிக்காக அடகுக்குப் போயாச்சு, கழுத்துல இருக்கிற தாலிக்கொடி மட்டும்தான் மிச்சம்.

கார்டு கணக்க மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நானே அக்கவுன்ட்ஸ்ல வேலை பாக்குறவ, நானே இத ஒரு வருஷம் உக்காந்து போட்டுப் பார்க்கல. எங்க கார்டுல மாசம் 3.5 சதவீதம் வட்டி. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் மாசம் 4.13. 1,84,000-க்கு அது 7,599 ரூபாய். நாங்க ஒழுங்கா மினிமம் ட்யூன்னு 9,200 கட்டிக்கிட்டு வந்தோம், அதுல 7,599 வட்டியும் வரியுமாவே போயிருது, அசல்ல குறையுறது 1,601. ஒரு நாளைக்கு 253 ரூபாய், நான் தூங்கினாலும் முழிச்சிருந்தாலும். இன்னொன்னு, பாக்கி வச்சிருக்கிற கார்டுல புதுசா எதையாவது தேய்ச்சா அதுக்கு வட்டி இல்லாத 45 நாள் டயம் எல்லாம் கிடையாது, தேய்ச்ச அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சுரும். அந்த ராத்திரியே கார்ட எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டேன்.

அப்போதான் வீட்டுல இருக்கிற சாமான விக்கலாம்னு பேச்சு வந்துச்சு. பேச்ச எடுத்தது அவருதான். நாங்க இருந்தது மும்பையில செம்பூர் பக்கம் சேடா நகர்ல ஒரு ஒன் பிஹெச்கே, முருகன் கோவில் மணி வீட்டுக்குள்ள கேட்கும், பத்து வருஷமா அதே ஏரியா. பத்து வருஷத்துல வீடு எப்படி நிறையும்னு சொல்ல வேண்டியதில்ல. லாஃப்ட்ல இருந்து பால்கனி வரைக்கும் அட்டைப்பெட்டி.

முதல் வாரம் சுலபமானது எல்லாத்தையும் எடுத்தோம். ரத்திக்காரர் வந்து பேப்பரும் பழைய பாடபுக்கும் 41 கிலோ எடை போட்டார், கிலோ 14 ரூபாய், 574 கிடைச்சுது. பங்கார்வாலா உடைஞ்ச மிக்ஸி, இரும்பு ஸ்டாண்டு, பழைய குக்கர்னு 1,150 குடுத்தார். துணிதான் மலை மாதிரி இருந்துச்சு. மும்பையில இருக்கிறவங்களுக்குத் தெரியும், தலையில கூடைய வச்சுக்கிட்டு பாத்திரக்காரம்மா வருவாங்க, பழைய துணிய வாங்கிக்கிட்டு ஸ்டீல் பாத்திரம் குடுப்பாங்க. அன்னிக்கு வந்தவங்ககிட்ட பாத்திரம் வேண்டாம், காசா குடுங்கன்னு கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தாங்க. காசு குடுத்தா எனக்குக் கட்டாது மகளே, விடியக்காலையில நான் இத மார்க்கெட்டுல போட்டு வித்தாதான் எனக்கே சோறுன்னு ஹிந்தியில சொன்னாங்க. அவரோட நாலு பேன்ட், என் பதினோரு சேலைக்கு ஒரு கடாய், ஒரு தட்டு. அந்தக் கடாய் இப்பவும் இருக்கு. ஆனா அப்போதான் எனக்கு உறைச்சுது, நான் வேண்டாம்னு ஒதுக்கினதுக்கு எங்கயுமே காசா விலை இல்ல.

இதுதான் நாங்க முதல்ல பட்ட பாடம். வேண்டாத சாமான வித்துக் கடன அடைக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா வேண்டாத சாமான் யாருக்குமே வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த 51 பீஸ் டின்னர் செட், ஒரு தடவைகூட எடுத்ததில்ல, பெட்டி பிரிக்காம பொன்னு மாதிரி வச்சிருந்தோம், ஆறு வாரம் போட்டோ போட்டு 600 ரூபாய்க்குப் போச்சு. எலக்ட்ரிக் தந்தூர் போகவே இல்ல. சாமி படம் போட்ட கடிகாரம் மூணு, சும்மா குடுத்தாக்கூட ஆள் இல்ல. விலை போனது எல்லாம் தினம் நாங்க கைவச்சுப் பொழங்கினது. மைக்ரோவேவ், பொண்ணோட சைக்கிள், படிக்கிற மேசை, அவரோட கேமரா. மேசைய எடுக்க வந்த பையன் வண்டியில ஏத்துறப்போ பொண்ணு பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. அழல. ராத்திரி கட்டில்ல குப்புறப் படுத்து ஹோம்வொர்க் எழுதினா.

கேமராவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அது அவரு 42,000 போட்டு வாங்கினது, பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம். குர்லாவுல இருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான், திலக் நகர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். லென்ஸ கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு பார்த்தான், எத்தனை ஷாட் எடுத்திருக்குன்னு பார்த்தான். மும்பை மழைக்கு லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சா விலை பாதி ஆயிரும், அவரு டப்பாவுல சிலிக்கா பொட்டலம் போட்டு அஞ்சு வருஷமா காப்பாத்தியிருந்தார். 14,000. பில்லும் ஒரிஜினல் பெட்டியும் இருந்ததாலதான் அந்த விலைன்னு பையனே சொன்னான். எதை வாங்கினாலும் பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீங்க. பணம் அக்கவுன்ட்டுக்கு வந்த அடுத்த நிமிஷமே, பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டே அவரு கார்டுக்குக் கட்டிட்டார். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா காசு கரைஞ்சுரும்னு பயம்.

ஏமாத்துறவங்களப் பத்தியும் சொல்லாம விடக்கூடாது. டைனிங் டேபிள் போட்டோ போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு போன். ராணுவத்துல இருக்கேன், மும்பைக்கு டிரான்ஸ்ஃபர், வந்து பார்க்க நேரம் இல்ல, கேக்குற விலைய இப்பவே அனுப்புறேன், ஒரு க்யூஆர் கோட் அனுப்பிருக்கேன், ஸ்கேன் பண்ணுங்க பணம் ஏறிடும்னு. யூனிஃபார்ம் போட்ட ஐடி கார்டு போட்டோகூட அனுப்பினான். பேரம் பேசாம கேட்ட விலைக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்ட சந்தோஷத்துல நான் ஸ்கேன் பண்ணிட்டேன். பின் நம்பர் கேட்டுச்சு. ரெண்டு எண் அழுத்தினதுக்கப்புறம் பொண்ணு, அம்மா பணம் வாங்கறதுக்கு எதுக்கு பின்னுன்னு கேட்டா. கை நின்னுடுச்சு. யுபிஐல பணம் வாங்க பின்னும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், அது ரெண்டும் நம்ம அக்கவுன்ட்ல இருந்து வெளிய போறதுக்குத்தான். கடன்ல இருக்கிறவங்களத்தான் இவனுங்க குறி வைக்கிறானுங்க, அவசரத்துல இருக்கிறவங்க யோசிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறானுங்க. யாருக்காவது பணம் போயிருச்சுன்னா தயங்காம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்த வழியில நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

அக்டோபர் கடைசியில பித்தளைக்கு வந்தோம். லாஃப்ட்ல எங்க ஆச்சியோட அண்டா ஒண்ணு, ரெண்டு அடுக்கு, ஒரு தவலை, ஒரு சின்ன செம்பு. அம்மாவுக்கு ஆச்சி சீரா குடுத்தது, அம்மா எனக்குக் குடுத்தது. சங்கரன்கோவில்ல இருந்து மும்பைக்கு ரயில்ல, சாக்குல கட்டி, சீட்டுக்கு அடியில வச்சு வந்தது. வந்த நாள்லருந்து லாஃப்ட்லதான். அம்மாகிட்ட கேட்காம தொட மனசு வரல. போன்ல சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, “அதுல தண்ணி காய வைக்கியா?” இல்லம்மா. “பொங்கலுக்காவது எறக்குதியா?” இல்லம்மா. “அப்புறம் என்னத்துக்கு தூக்கி வச்சுக்கிட்டு இருக்க. நீ வட்டி கட்டாம இருந்தா எனக்கு அது போதும். செம்பு ஒண்ண மட்டும் வச்சுக்கோ.”

செம்பூர் மார்க்கெட்ல பாத்திரக்கடைக்குக் கொண்டு போனோம். புளி போட்டுத் தேய்க்கவான்னு கேட்டேன், தேய்ச்சாலும் தேய்க்காட்டாலும் எடை ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்லிட்டார். அண்டாவ கவுத்துப் போட்டு, வளையத்துல இருந்த இரும்பு ஆணிய சுத்தியலால தட்டித் தட்டி எடுத்தார். இரும்புக்கு பித்தளை விலை தர முடியாதுல்ல. அப்போதான் கழுத்துப் பட்டையில பேர் தெரிஞ்சுது. நம்ம ஊர்ல பாத்திரத்துக்கு பேர் வெட்டுவாங்களே, உளிய வச்சுத் தட்டி புள்ளி புள்ளியா, அப்படி ஆச்சி பேரும் 1961-னும் வெட்டியிருந்துச்சு. ‘ச’னாவோட கீழ் வளைவு ஒரு இடத்துல இழுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு, பேர் வெட்டின ஆளுக்கு அங்க கை வழுக்கியிருக்கும். சின்ன வயசுல அந்த எழுத்து மேல விரல வச்சு ஓட்டிக்கிட்டே இருப்பேன், நான் எழுத்துக் கூட்டிப் படிச்ச முதல் பேரே அதுதான். கடைக்காரர்கிட்ட ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு போன்ல போட்டோ எடுத்தேன், ஒரு தடவை விரல ஓட்டினேன். 11.4 கிலோ. கிலோ 430. மாத்துக்குப் புதுப் பாத்திரம் எடுத்தா 480 போட்டுத் தர்றேன்னார். காசு போதும்னு சொன்னேன். 4,902 ரூபாய். வெளிய வந்து அவரு ஒரு டீ வாங்கிக் குடுத்தார், குடிச்சேன், வீட்டுக்கு வந்துட்டோம்.

இதுல வருமான வரி ஏதாவது வருமான்னு எங்க கொழுந்தன் கேட்டான், நிறைய பேருக்கு இந்த பயம் இருக்கு. நாம பயன்படுத்தின சோபா, கட்டில், பாத்திரம், பாக்குறதுக்கு வச்சிருந்த டிவி இதெல்லாம் சட்டப்படி சொந்த உபயோகப் பொருள், அத விக்கிறதுல மூலதன ஆதாய வரி கிடையாது. நகைக்கு அந்த சலுகை இல்ல, நகைய வித்து லாபம் வந்தா அதுக்கு வரி உண்டு. கார்டுக்குக் கட்ட சோபா விக்கிறவங்க இதுக்காகத் தூக்கத்தக் கெடுத்துக்க வேண்டாம்.

சோபாவுக்கு வரேன். அது எல் ஷேப், 38,000, நோ காஸ்ட் இஎம்ஐல எடுத்தது. வட்டியே இல்லைன்னு நினைச்சு எடுத்தோம். பூஜ்ய சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே பேங்குகளுக்கு எழுதி அனுப்பிருக்கு, வட்டிய வேற ஏதாவது கட்டணத்துலயோ விலையிலயோ மறைச்சு வாங்கிருவாங்க. ரொக்கமா வாங்கியிருந்தா கடையில தள்ளுபடி கேட்டிருக்கலாம், தவணைன்னதும் கேக்க வாய் வரல. ஓஷிவாரா ஃபர்னிச்சர் மார்க்கெட்ல ஒரு டீலருக்கு போட்டோ அனுப்பினேன், 4,500-ன்னார், அடிமாட்டு விலை. ஆப்ல 9,000-ன்னு போட்டு வச்சு ஒரு மாசமா யாரும் வரல. அவரு 6,000-க்குக் குடுத்துரலாம்னார், எனக்கு மனசு வரல, 38,000 ஆச்சேன்னு.

அன்னிக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். 6,000 ரூபாய் இன்னிக்குக் கார்டுக்குக் கட்டினா மாசம் 248 ரூபாய் வட்டி மிச்சம். அப்போ ஒரு மாசம் பொறுத்து 7,000 கிடைச்சா பொறுக்கிறதுதான் லாபம், தப்பே இல்ல. சரின்னு பேப்பர மடிக்கப் போனேன், அப்போதான் இன்னொரு கணக்கு மனசுல வந்துச்சு. எங்க வீடு கார்ப்பெட் ஏரியா 420 சதுர அடி, வாடகை 29,000. சதுர அடிக்கு 69 ரூபாய். சோபா அடைச்சுக்கிட்டு இருக்கிற இடம் 35 சதுர அடி. அப்போ அந்த சோபா உக்காந்திருக்கிறதுக்கு மட்டும் நாங்க மாசம் 2,400 ரூபாய் வாடகை கட்டுறோம். பாக்ஸ் கட்டிலுக்கு 39 சதுர அடி, 2,690. டைனிங் டேபிளும் நாற்காலியும் 20 சதுர அடி, 1,380. மூணும் சேர்த்து மாசம் 6,400-க்கு மேல. எழுப்பி அவருகிட்ட காட்டினேன். சோபாவ வித்துட்டா வாடகை குறைஞ்சிருமான்னு கேட்டார். குறையாது. வீடு மாறினாத்தான் குறையும். ஆனா இந்த சாமான வச்சுக்கிட்டு சின்ன வீட்டுக்குப் போகவே முடியாதுன்னுதானே இத்தனை நாள் அந்தப் பேச்சே எடுக்கல. வாடகைய நாங்க எங்களுக்காகக் கட்டல, சாமானுக்காகத்தான் கட்டிக்கிட்டு இருந்தோம்.

அதுவரைக்கும் பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் ஜனவரிக்குள்ள எதெல்லாம் காலியாகணும்னு மட்டும்தான் யோசிச்சேன், எங்க 11 மாச வாடகை அக்ரிமென்ட் ஜனவரியில முடியுது. சோபா 7,000-க்குப் போச்சு. புதுசா கல்யாணமாகி கன்சோலியில வீடு எடுத்த ஒரு ஜோடி. மும்பையில எல்லாரும் மாசக் கடைசியில வீடு மாறுறாங்க, அதனால ஃபர்னிச்சருக்கு 25-ந் தேதியில இருந்து 5-ந் தேதி வரைக்கும்தான் சீசன், நடு மாசத்துல யாரும் சீண்ட மாட்டாங்க, இது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பிடிபட்டுச்சு. பாக்ஸ் கட்டில் வாசல் வழியா வெளிய வரல, கார்பென்டருக்கு 800 குடுத்துப் பிரிச்சோம். ஏசிய டிசம்பர்ல 11,500-க்கு விட்டோம், ஏப்ரல் வரைக்கும் வச்சிருந்தா மூவாயிரம் கூட வந்திருக்கும், வட்டி போகக்கூட ஆயிரம் மிஞ்சியிருக்கும். ஆனா வைக்க இடம் இருக்காது.

தையல் மெஷின வித்தது மட்டும் தப்பு. கீழ் வீட்டு மாமி ஆசைப்பட்டுக் கேட்டாங்க, 4,200-க்குக் குடுத்துட்டேன். அதுல நான் பிளவுஸ் பிரிச்சுத் தைக்கிறது, ஓரம் அடிக்கிறதுன்னு மாசம் 1,200, 1,500 பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணு மாச வருமானத்துக்கு மெஷினையே குடுத்துட்டேன். வேகத்துல இருக்கிறப்போ எது காசு தின்னுது, எது காசு போடுதுன்னு பார்க்கத் தோணல. நீங்க யாராவது இந்த வேலையில இறங்கினா தையல் மெஷின், கிரைண்டர், லேப்டாப், சம்பாத்தியத்துக்கு உதவுற எதுலயும் கை வைக்காதீங்க.

அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்றதுன்னு ரொம்ப நாள் மறுகினேன். சொசைட்டியில பெரிய சாமான் வெளிய போகணும்னா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வாட்ச்மேன்கிட்ட சீட்டு காட்டணும், அதனால எதையும் மறைக்க முடியாது, நாலு மாசத்துல ஒன்பது சீட்டு. கோவில்ல பார்க்கிறவங்க, என்ன ஊருக்கே போறீங்களான்னு கேட்பாங்க. முதல்ல ஆமா இல்லன்னு மழுப்பினேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை படியில உக்காந்திருந்தப்போ ஒரு அக்கா கேட்டாங்க, கடன் இருக்குக்கா, அடைக்கிறோம்னு நேரா சொல்லிட்டேன். அவங்க பக்கத்துல நகர்ந்து உக்காந்து, எவ்வளவு வட்டி குடுக்குறீங்கன்னு மெதுவா கேட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு கார்டு. அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்.

சித்தப்பா காசுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. வட்டி இல்லாத காசு, ஆனா தீபாவளிக்கு போன் பண்றப்போ தொண்டைய அடைக்கும். சாமான் வித்த காசுல முதல்ல அவருக்குக் குடுத்துரலாம்னு எங்க வீட்டுக்காரருக்கு ஆசை, மானம் போகுதுன்னு. நான் வேண்டாம்னேன், 40,000-த்த கார்டுல போட்டா மாசம் 1,652 வட்டி நிக்கும். நானே சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, “உங்க காச கடைசியாத்தான் தருவேன் சித்தப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க”ன்னு விவரமா சொன்னேன். “நீ மொதல்ல வட்டிக்காரன முடி தாயி, நான் எங்க போயிரப் போறேன்”னார். இத ஒரு வருஷம் முன்னாடியே பேசியிருக்கலாம்.

எல்லாம் வித்து, கார்பென்டர், ஏசி கழட்டின கூலி போக கையில வந்தது 65,000 சொச்சம். அஞ்சு லட்சத்து ஆறாயிரம் கடனுக்கு இது எந்த மூலைக்குன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா அத்தனையும் கார்டுக்கு மட்டும் போனதால மாச வட்டி 7,599-ல இருந்து அஞ்சாயிரத்துக்குக் கீழ வந்துச்சு. பிப்ரவரியில திலக் நகர்ல ரூம் கிச்சன் ஒண்ணுக்கு மாறினோம், 260 சதுர அடி, வாடகை 18,500. ஸ்கூல் அதேதான், ஸ்டேஷன் இன்னும் பக்கம். பழைய டெபாசிட் 1,25,000, புதுசு 75,000, மிச்சம் 50,000 கைக்கு வரும்னு நினைச்சோம், பழைய ஓனர் பெயின்ட்டுன்னு 9,000 பிடிச்சுக்கிட்டார், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, டெம்போ, அக்ரிமென்ட் செலவு எல்லாம் போக 14,500 நின்னுச்சு. டெம்போவுக்கு பெரிய வண்டி சொல்லவான்னு கேட்டவருக்கு, சின்ன வண்டி போதும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். ஒரே டிரிப்.

வாடகையில மட்டும் மாசம் 10,500 மிச்சம். சாமான் வித்த காசு ஒரு தடவை வந்தது, இது மாசாமாசம் வருது, ஏழே மாசத்துல சாமான் விலைய எட்டிப் பிடிச்சிருது. மார்ச்ல கார்டு பாக்கி 93,000. மினிமம் கட்டிக்கிட்டு இருந்த 9,200-ஓட அந்த 10,500-யும் சேர்த்து மாசம் 19,700-னு கட்டினோம். ஆகஸ்ட்ல ஆறாவது தடவைக்கு 7,163 ரூபாய்தான் இருந்துச்சு. கட்டினதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, பில் தேதிக்கும் கட்டின தேதிக்கும் நடுவுல ஓடின வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்ல வரும், எங்களுக்கு 190 ரூபாய் வந்துச்சு, அதையும் கட்டி, பாக்கி இல்லைன்னு லெட்டர் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டோம். அப்புறம் அரிசி டப்பாவுக்குள்ள இருந்த கார்ட எடுத்துக் கத்திரியால வெட்டினேன். தவிட்டு வாசனை அடிச்சுது.

இங்க வந்த முதல் வாரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. மூணு பேரும் ஒரே ரூம்ல, பாய் விரிச்சா நடக்க இடம் இல்ல, பொண்ணு படிக்கிறப்போ நாங்க கிச்சன்ல நின்னு ரகசியம் பேசற மாதிரி பேசணும். ஏழாங்கிளாஸ் பொண்ணுக்குத் தனியா ஒரு மூலை வேணும், அது எனக்கும் தெரியும். கிச்சனுக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரு திரை போட்டு, அந்தப் பக்கம் அவளுக்குன்னு சுவத்துல மடக்கிற மாதிரி ஒரு பலகை அடிச்சுக் குடுத்தார் அவரு. அதுல ஆச்சியோட செம்புல பேனாவும் ஸ்கேலும் வச்சிருக்கா.

சோபா இஎம்ஐ தானா முடிஞ்சுருச்சு. செப்டம்பர்ல இருந்து அந்த 19,700-ல பாதிய சித்தப்பாவுக்கும் பாதிய பர்சனல் லோனுக்குச் சேர்த்து வைக்கவும் பிரிச்சிருக்கோம், அடகு நகை அடுத்து. போன வாரம் ஓனர் போன் பண்ணார், ஜனவரியில அக்ரிமென்ட் முடியுதே, பெரிய வீடு பார்க்குறீங்களான்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் பொண்ணப் பார்த்தேன், அவ பலகைய மடக்கிக்கிட்டே, இன்னும் எவ்வளவும்மா பாக்கின்னு கேட்டா. சொன்னேன். இன்னொரு 11 மாசம் இங்கயே எழுதிக்கலாம்னு ஓனர்கிட்ட சொல்லிட்டோம்.